ஒரே இரவில் பறிபோன 3 உயிர்கள்... டாக்டர் வேலையே வேண்டாம் என்றவர் வேலூர் சி.எம்.சி-யை உருவாக்கியது எப்படி? யார் இந்த ஐடா ஸ்கடர்?

பெரம்பலூர் பக்கத்துல இருக்கிற சிறுவாச்சூரில் இன்று ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது. ஆனால் பக்கவாதம் வந்து படுக்கையில் கிடக்கும் ஒரு பெரியவருக்கு, அடுத்த தெருவில் இருக்கிற ஆஸ்பத்திரியும் தூரம்தான். தூக்கிட்டுப் போக ஆள் வேணும், வண்டி வேணும்.

இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை, பிசியோதெரபி, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான பராமரிப்பு என எல்லாம் வீட்டுக்கே வருகிறது.

மருத்துவம்தான் மக்களைத் தேடிப் போகணும் என்று, 100 ஆண்டுகளுக்கு முன்பே மாட்டு வண்டியில் கிளம்பியவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் டாக்டர் ஐடா ஸ்கடர்.

டாக்டர் குடும்பம்... ஆனால் டாக்டர் ஆக விருப்பமில்லை

1870 டிசம்பர் 9-ம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா. தாத்தா ஜான் ஸ்கடர், 1819-ல் அமெரிக்காவில் இருந்து இலங்கைக்கு வந்த மருத்துவர், பிறகு சென்னையிலும் பணியாற்றினார். அப்பாவும் டாக்டர்தான். பஞ்சத்தையும் பசியையும் சின்ன வயசுலேயே பார்த்து வளர்ந்த ஐடாவுக்கு இந்த வாழ்க்கையே பிடிக்கவில்லை. படிக்க அமெரிக்கா போனார். அங்கேயே செட்டில் ஆகிவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதால் 1890-ல் திண்டிவனம் திரும்பினார். கொஞ்ச நாள் இருந்துவிட்டு கிளம்பிவிடலாம் என்ற நினைப்புதான்.

அந்த ஒரு இரவில் நடந்தது என்ன?

ஒரு நாள் ராத்திரி, ஒரு பிராமண இளைஞர் வீட்டுக் கதவைத் தட்டினார். மனைவிக்குப் பிரசவ வலி, நிலைமை மோசம், ஐடா வர வேண்டும் என்றார். தனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாவை அழைத்துப் போங்கள் என்று சொன்னார் ஐடா. வேறு ஆண் வீட்டுக்குள் வந்து மனைவியைத் தொடுவதை அந்த இளைஞரால் ஏற்க முடியவில்லை. திரும்பிப் போய்விட்டார்.

அடுத்து ஓர் இஸ்லாமியர் வந்தார். அதன் பிறகு இன்னொரு இந்து. மூவருக்கும் ஒரே பிரச்சினை, ஒரே பதில்.

விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தபோதுதான் தெரிந்தது, மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள். டாக்டர் அதே ஊரில்தான் இருந்தார். ஆனால் அவரால் அந்த வீடுகளின் வாசலைத் தாண்ட முடியவில்லை. அன்றைக்கே டாக்டராவது என முடிவெடுத்தார் ஐடா.

ஒரு கட்டிலில் தொடங்கிய ஆஸ்பத்திரி

அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூர் வந்த கொஞ்ச மாதத்திலேயே அப்பா இறந்துபோனார். தனியாக நின்ற ஐடா, ஒரே ஒரு கட்டிலோடு சிகிச்சையைத் தொடங்கினார். உதவிக்கு வந்தவர், பங்களா பட்லரின் மனைவி சலோமி. வீட்டு வேலை தெரிந்த அந்தப் பெண்ணுக்கே மருந்து கொடுக்கவும் நோயாளியைக் கவனிக்கவும் கற்றுக்கொடுத்தார்.

நியூயார்க் வங்கியாளர் ஒருவர், தன் மனைவி நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

சாலையோரமே கிளினிக்

ஆஸ்பத்திரி வந்தாச்சு. ஆனால் கிராமத்து மக்களால் வர முடியவில்லை. அதனால் ஐடாவே கிளம்பினார். முதலில் மாட்டு வண்டி, பிறகு பியூஜோ கார். காரைப் பார்த்து பேய் என்று பயந்து ஜனங்கள் ஓடியதாகவும் சொல்வார்கள்.

குடியாத்தம் போகும் பாதையில், வாரத்துக்கு ஒரு நாள், மரத்தடியில் வண்டி நிற்கும். ஊர் ஜனம் முன்பே காத்திருக்கும். புண்ணுக்குக் கட்டு, மருந்து, பல் பிடுங்குவது, சின்னச் சின்ன ஆபரேஷன் என எல்லாமே அங்கேதான்.

டாக்டர் ஒருத்தர் போதுமா?

போதாது. ஓர் ஆள் எத்தனை வாசல்தான் ஏற முடியும்? உள்ளூர்ப் பெண்களையே தயார் பண்ணினால்தான் தீர்வு என்பது ஐடாவுக்குப் புரிந்தது. 1909-ல் நர்சிங் பள்ளி தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. ஆறு பேராவது சேருவார்களா என அதிகாரிகளே சந்தேகப்பட்ட நேரத்தில், 151 விண்ணப்பங்கள் வந்து குவிந்தன.

டிப்ளமோ படிப்பு இனி செல்லாது, பட்டப்படிப்பு இருந்தால்தான் கல்லூரி நடத்தலாம் என்ற நிலை வந்தபோது, 70 வயதைத் தாண்டிய ஐடா நிதி திரட்ட அமெரிக்கா போனார். 1942-ல் எம்.பி.பி.எஸ் தொடங்கியது. 1947-ல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். இதுதான் இன்றைய வேலூர் சி.எம்.சி.

திருமணம் செய்துகொள்ளாத ஐடா, 1946-ல் ஓய்வு பெற்று, 1960 மே மாதம் தனது 89-வது வயதில் கொடைக்கானலில் காலமானார்.

இன்றைக்கும் ஏன் ஐடா முக்கியம்?

பெரிய கட்டடமும் பெரிய டாக்டரும் இருந்தால் மட்டும் உயிர் பிழைத்துவிடாது என்பதுதான் திண்டிவனத்தில் அவர் கற்ற பாடம். வீட்டுக்குள் வர அந்தக் குடும்பம் அனுமதிக்கிற ஒருவர் வேணும். அவருக்கு வேலையும் தெரிஞ்சிருக்கணும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களில் இருந்தே பெண் தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான் பொருத்தமாக இருக்கிறது. பிரஷர் மெஷினும் மாத்திரையுமாக வாசலில் வந்து நிற்பவர் அதே ஊர்க்காரர், ஏற்கெனவே பழகிய முகம்.

உங்க வீட்டிலோ தெருவிலோ நடக்க முடியாத பெரியவர்கள், மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்கள் இருந்தால், பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்க. யார் வீட்டுக்கு வர வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்தால்தானே வர முடியும்?