ஒரு நாட்டின் பங்குகளை மொத்தமாக வாங்கும் இ.டி.எஃப்: அதன் உண்மையான மதிப்பு எவ்வளவு? பெஞ்சமின் கிரஹாமின் வாழ்க்கை சொல்லும் கணக்கு

வேலூரிலிருந்து திருப்பதிக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? சித்தூர் பக்கம் வந்ததும் மாந்தோப்புகள் கண்ணில் படும். பெரும்பாலும் தோத்தாபுரி. நம்ம ஊரில் கிளிமூக்கு, பெங்களூரா என்று சொல்வோமே, அதே ரகம்தான். சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இருக்கும் மாங்கூழ் தொழிற்சாலைகள் வாங்குவது முக்கியமாக இந்தப் பழத்தைத்தான்.

2025 ஜூனில் இதன் விலை படுத்துவிட்டது. விளைச்சல் அதிகம். தொழிற்சாலைகளிலோ பழைய கூழே விற்காமல் கிடந்தது. கடைசியில் ஆந்திர அரசு தலையிட்டு, கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்தது. அதில் 8 ரூபாய் தொழிற்சாலைகள் தர வேண்டும், 4 ரூபாய் அரசு தரும்.

இப்போ ஒரு கேள்வி. அந்த ஜூன் மாதத்தில் ஒருவர் தன் தோப்பையே உங்களுக்கு விற்க வந்திருந்தால், என்ன விலை சொல்வீர்கள்? அன்றைய பழ விலையை வைத்தா? மரங்கள் இன்னும் பல ஆண்டுகள் காய்க்குமே! அப்படியானால் தோப்பின் மதிப்பு எவ்வளவு?

உங்கள் போனில் இருக்கும் நிஃப்டி இ.டி.எஃப்-க்கும் இதே கேள்விதான். திரையில் ஒரு விலை ஓடுகிறது. ஆனால் ஒரு நாட்டின் கம்பெனிகளை மொத்தமாக வைத்திருக்கும் அந்த யூனிட்டின் மதிப்பு எவ்வளவு? விலை வேறு, மதிப்பு வேறு என்று முறைப்படி கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தவர் பெஞ்சமின் கிரஹாம். அவர் இறந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. அந்தக் கணக்கை அவர் பணத்தைப் பறிகொடுத்துத்தான் கற்றுக்கொண்டார்.

யார் இந்த கிரஹாம்?

1894 மே மாதம் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது குடும்பப் பெயர் கிராஸ்பாம். அவருக்கு ஒரு வயதானபோது குடும்பம் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தது. அப்பா பீங்கான் சாமான்கள் வியாபாரி. 1903-ல் அப்பா இறந்துபோக, மூன்று ஆண் பிள்ளைகளோடு அம்மா தனியாக நின்றார்.

அம்மா வீட்டில் ஆட்களைத் தங்கவைத்து வாடகை வாங்கிப் பார்த்தார், சரிப்பட்டு வரவில்லை. கடன் வைத்துக் கொஞ்சம் பங்கு வாங்கினார். 1907-ல் அமெரிக்கச் சந்தை சரிந்தபோது அந்தப் பணமும் போனது. பையனுக்கு அப்போது 13 வயது.

படிப்பில் மட்டும் அவரை யாரும் அசைக்க முடியவில்லை. உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து, 1914-ல் 20 வயதில் பட்டம் வாங்கினார். ஆங்கிலம், தத்துவம், கணிதம் என மூன்று துறைகள் அவரை ஆசிரியராக வரச்சொல்லிக் கூப்பிட்டன. குடும்பத்துக்குப் பணம் தேவைப்பட்டதால், வாரம் 12 டாலர் சம்பளத்துக்கு வால் ஸ்ட்ரீட்டில் ஒரு புரோக்கர் நிறுவனத்தில் சேர்ந்தார்.

அரசு ஆவணத்தில் கிடைத்த புதையல்

அன்றைய வால் ஸ்ட்ரீட்டில் பங்கு வாங்குவது என்றால் யார் வாங்குகிறார்கள், என்ன வதந்தி ஓடுகிறது என்று பார்ப்பதுதான். கம்பெனியின் கணக்கை உட்கார்ந்து படிப்பவர்கள் குறைவு. கிரஹாம் படித்தார். 1926-ல் ரயில்வே, குழாய் நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு ஆணையத்தின் அறிக்கைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, நார்தர்ன் பைப்லைன் என்ற சின்ன எண்ணெய்க் குழாய் நிறுவனம் அவர் கண்ணில் பட்டது. அதன் பங்கு 65 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு பங்குக்கும் 95 டாலர் பெறுமானமுள்ள ரயில்வே பத்திரங்கள் கம்பெனியின் பெட்டியில் சும்மா கிடந்தன!

நேராக நிர்வாகத்திடம் போய், பணத்தைப் பங்குதாரர்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டார். அவர்கள் கண்டுகொள்ளவில்லை. 1927-ல் பென்சில்வேனியாவின் ஆயில் சிட்டியில் நடந்த ஆண்டுக் கூட்டத்துக்குத் தனியாகப் போனார். அவர் தீர்மானத்தை வழிமொழியக்கூட ஆள் இல்லாமல் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டு மற்ற பங்குதாரர்களின் ஆதரவைத் திரட்டிக்கொண்டு போய் இரண்டு இயக்குநர் பதவிகளைப் பிடித்தார். கடைசியில் கம்பெனி ஒரு பங்குக்கு 70 டாலரைத் திருப்பிக் கொடுத்தது.

இ.டி.எஃப் வாங்கும் நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. யூனிட் என்பது மேலே போர்த்திய துணி மாதிரி. துணியை விலக்கி, உள்ளே என்ன இருக்கிறது, அது எவ்வளவு சம்பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

70 சதவீதம் போனது

1929 தொடக்கத்தில் கிரஹாமின் கையில் 25 லட்சம் டாலர் முதலீடு இருந்தது. வயது 34. அந்த ஆண்டு அக்டோபரில் சந்தை விழுந்தது. 1930-ல், மோசமான காலம் முடிந்துவிட்டது என்று நம்பிக் கடன் வைத்தும் பங்குகளை வைத்திருந்தார். அந்த ஒரு வருடத்தில் மட்டும் பாதிப் பணம் போனது. 1929 முதல் 1932 வரை மொத்தம் 70 சதவீதம் காலி.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கம்பெனிகளின் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர்தான் அவர். ஆனாலும் கடன் இருந்ததால், விலை மதிப்புக்குத் திரும்பும்வரை காத்திருக்க முடியவில்லை. அம்மாவுக்கு 1907-ல் நடந்தது மகனுக்கு 1930-ல் நடந்தது. அவருக்கு லாபத்தில்தான் பங்கு என்பதால், முதலீட்டாளர்களின் நஷ்டம் ஈடாகும்வரை சில ஆண்டுகள் அவருக்கு அதிலிருந்து எதுவும் வரவில்லை.

அந்த அடியிலிருந்து வந்ததுதான் 1934-ல் டேவிட் டாட் என்ற பேராசிரியரோடு சேர்ந்து அவர் எழுதிய 'செக்யூரிட்டி அனாலிசிஸ்'. 1949-ல் சாதாரண மனிதர்களுக்காக 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' எழுதினார். மதிப்பை ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது, ஒரு வரம்பாகத்தான் சொல்ல முடியும் என்பது அவர் நிலைப்பாடு. நம் கணிப்பு தப்பலாம். அதனால் கணித்த மதிப்புக்கும் கொடுக்கும் விலைக்கும் நடுவே ஒரு இடைவெளி வேண்டும். பாதுகாப்பு இடைவெளி என்று முதலீட்டாளர்கள் இன்றும் பேசுவது அதைத்தான்.

சரி, ஒரு நாட்டின் இ.டி.எஃப்-க்கு எப்படிக் கணக்குப் போடுவது?

இ.டி.எஃப் என்பதையே கிரஹாம் பார்த்ததில்லை. 17 நாடுகளுக்குத் தனித்தனி நிதிகள் ஒரே நேரத்தில் அமெரிக்காவில் வந்தது 1996-ல்தான். இந்தியாவின் முதல் இ.டி.எஃப் ஆன நிஃப்டி பீஸ் 2002 தொடக்கத்தில் பட்டியலானது. ஆனாலும் அவர் முறை இதற்கும் பொருந்தும்.

முதலில் மூன்று எண்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, திரையில் ஓடும் விலை. இரண்டு, என்.ஏ.வி, அதாவது உள்ளே இருக்கும் பங்குகளின் இன்றைய சந்தை விலை. மூன்று, அந்தக் கம்பெனிகள் இனி சம்பாதிக்கப்போவதை வைத்துப் பார்க்கும் உள்ளார்ந்த மதிப்பு. என்.ஏ.வி-யையே மதிப்பு என்று நினைத்தால், அன்றைய மண்டி விலையை வைத்துத் தோப்பை விலைபேசுவது போலத்தான்.

படி 1: லாபத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரு யூனிட் 250 ரூபாய், குறியீட்டின் பி.இ. விகிதம் 22 என்று வைத்துக்கொள்வோம் (கணக்குக்காக நாம் எடுத்த எண்கள்). 250-ஐ 22-ஆல் வகுத்தால் 11.36. உங்கள் யூனிட்டுக்குப் பின்னால் ஆண்டுக்கு 11 ரூபாய் 36 காசு லாபம் இருக்கிறது. விலையில் இது சுமார் 4.5 சதவீதம். 2025-ல் இந்தியாவின் 10 ஆண்டு அரசுப் பத்திரம் தந்தது 6 முதல் 7 சதவீதம். பங்கு தரும் லாபத்தைப் பத்திர வட்டியோடு ஒப்பிடுவது கிரஹாமின் பழக்கம். இந்த இடைவெளியை எதிர்கால வளர்ச்சி நிரப்பியாக வேண்டும்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. பல கம்பெனிகளின் பி.இ-யைக் கூட்டிச் சராசரி எடுக்கக்கூடாது. தலா 100 கோடி மதிப்புள்ள இரண்டு கம்பெனிகள். ஒன்றின் லாபம் 10 கோடி, இன்னொன்றின் லாபம் 1 கோடி. பி.இ. 10, 100. சராசரி 55 என்று வரும். ஆனால் மொத்த மதிப்பு 200 கோடி, மொத்த லாபம் 11 கோடி. உண்மையான பி.இ. சுமார் 18 மட்டுமே.

அடுத்து, லாபத்தை எப்படி எண்ணினார்கள் என்று பாருங்கள். 2021 மார்ச் இறுதியில் நிஃப்டி 50-ன் பி.இ. 40-ஐ ஒட்டியிருந்தது, ஒரே நாளில் 33-க்கு வந்தது. சந்தை ஒன்றும் சரியவில்லை. துணை நிறுவனங்களின் லாபத்தையும் சேர்த்து எண்ணும் முறைக்கு என்.எஸ்.இ. மாறியது, அவ்வளவுதான். மாற்றத்துக்கு முந்தைய எண்ணோடு பிந்தைய எண்ணை ஒப்பிடும் சார்ட் எதையும் நம்பாதீர்கள்.

படி 2: ஒரே வருடத்தைப் பார்க்காதீர்கள். மாமரம் ஒரு வருடம் கொட்டும், அடுத்த வருடம் குறைக்கும். தோப்பு வாங்குபவர் பல வருடக் காய்ப்பை விசாரிப்பார். கிரஹாமும் டாட்டும் குறைந்தது 5 ஆண்டுகள், முடிந்தால் 7 அல்லது 10 ஆண்டு லாபத்தின் சராசரியைப் பார்க்கச் சொன்னார்கள். வங்கிகளும் எண்ணெய் நிறுவனங்களும் அதிகமுள்ள நாட்டுக் குறியீடுகளுக்கு இது ரொம்பவே முக்கியம்.

படி 3: வளர்ச்சியை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஜான் பர் வில்லியம்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1938-ல் விளக்கிய முறை இது: பங்கு இனி தரப்போகும் டிவிடெண்டுகளின் இன்றைய மதிப்புதான் அந்தப் பங்கின் மதிப்பு. நம் யூனிட்டுக்கு டிவிடெண்ட் 3.25 ரூபாய், உங்களுக்குத் தேவையான வருமானம் ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைப்போம். அடுத்த ஆண்டு டிவிடெண்டை, 12-லிருந்து வளர்ச்சி விகிதத்தைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும்.

- வளர்ச்சி 9% என்றால் மதிப்பு சுமார் 118 ரூபாய்
- வளர்ச்சி 10% என்றால் சுமார் 179 ரூபாய்
- வளர்ச்சி 11% என்றால் சுமார் 361 ரூபாய்

பார்த்தீர்களா? இரண்டு சதவீத வித்தியாசத்தில் மதிப்பு மூன்று மடங்காகிவிட்டது. துல்லியமான சூத்திரத்தில் துல்லியமில்லாத ஊகத்தைப் போட்டால் எந்த விலையையும் நியாயப்படுத்திவிடலாம் என்று கிரஹாம் எச்சரித்தது இதனால்தான்.

அதனால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். இன்றைய விலை 250 சரி என்றால், டிவிடெண்ட் எவ்வளவு வளர வேண்டும்? கணக்குப்படி, ஆண்டுக்கு சுமார் 10.6 சதவீதம், முடிவே இல்லாமல். ஒரு நாட்டின் கம்பெனி லாபம் அந்த நாட்டின் பொருளாதாரத்தைவிட வேகமாக என்றென்றும் வளர முடியாது. சில கம்பெனிகள் தாண்டி ஓடலாம், மொத்த நாடு ஓட முடியாது. இந்த 10.6 சதவீதம் நம்பும்படி இருக்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: வெளிநாடு என்றால் இரண்டு கழித்தல்கள். ஒன்று நாணயம். இந்தியப் பங்குகளை டாலரில் வாங்கும் அமெரிக்கருக்கு ரூபாயின் சரிவு நஷ்டம். நீங்கள் வெளிநாட்டுப் பங்கு வாங்கும்போது கணக்கு அப்படியே தலைகீழ். இன்னொன்று அரசியல். 2022 மார்ச்சில் எம்.எஸ்.சி.ஐ. நிறுவனம் ரஷ்யப் பங்குகளைக் கிட்டத்தட்ட பூஜ்ஜிய விலையில் தன் குறியீடுகளிலிருந்து நீக்கியது. ரஷ்யா இ.டி.எஃப்-களில் வர்த்தகம் நின்றுபோனது. அவற்றின் பி.இ. அதற்கு முன் மிகவும் மலிவாகத்தான் இருந்தது. ஒரே நாட்டில் எல்லாப் பணத்தையும் வைக்கும்போது பாதுகாப்பு இடைவெளி மட்டும் காப்பாற்றாது. பணத்தைப் பிரித்து வைக்கவும் வேண்டும்.

உங்கள் ஆப்பில் இன்றே பார்க்க வேண்டியது

வழக்கமாக இ.டி.எஃப் விலை ஏறினால், சந்தை உருவாக்குநர்கள் புதிய யூனிட்டுகளை உருவாக்கி விற்பார்கள். விலை என்.ஏ.வி-க்குத் திரும்பிவிடும். ஆனால் இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் வெளிநாட்டில் முதலீடு செய்ய மொத்தமாக ஒரு டாலர் வரம்பு இருக்கிறது. அது நிரம்பியதால் 2022 முதல் புதிய முதலீடுகளுக்குத் தடைகள் வந்தன. 2024 ஏப்ரலில் வெளிநாட்டு இ.டி.எஃப்-களில் முதலீடு செய்யும் திட்டங்களுக்கும் அதே நிலை. புதிய யூனிட் இல்லை, வாங்க ஆள் மட்டும் இருக்கிறது. விளைவு, இந்தியாவில் பட்டியலான சில வெளிநாட்டுப் பங்கு இ.டி.எஃப்-கள் என்.ஏ.வி-யைவிட 10 சதவீதத்துக்கும் அதிகமான விலைக்கு விற்றன.

100 ரூபாய்ப் பொருளை 110 கொடுத்து வாங்கினால் மதிப்புக் கணக்கே தேவையில்லை, முதல் நாளே நஷ்டம். ஆகவே வாங்கும் முன் ஐ-என்.ஏ.வி. என்ற எண்ணை விலையோடு ஒப்பிடுங்கள். ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் வர்த்தக நேரம் முழுக்க அது ஓடிக்கொண்டிருக்கும்.

கடைசியில் அவர் மனம் மாறினாரா?

1956-ல் கிரஹாம் தன் நிதி நிறுவனத்தை மூடிவிட்டு ஓய்வு பெற்றார். அவரிடம் படித்து, அவரிடமே வேலை பார்த்த வாரன் பஃபெட் அப்போது சொந்த ஊரான ஓமாஹாவுக்குத் திரும்பினார். கிரஹாமின் மிகப் பெரிய லாபம் 1948-ல் சுமார் 7 லட்சம் டாலருக்கு அவர் நிறுவனம் வாங்கிய காப்பீட்டு நிறுவனமான கெய்கோவில் வந்தது. பணத்தைப் பிரித்து வைக்கச் சொன்னவர், கையிலிருந்ததில் ஏறக்குறைய கால்வாசியை அந்த ஒன்றில் போட்டிருந்தார். மற்ற எல்லா முதலீடுகளையும் சேர்த்தாலும் அந்த லாபம் வரவில்லை. அதிர்ஷ்டத்துக்கும் தன் கதையில் பங்கு உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை.

1976-ல், 81 வயதில், கம்பெனி கம்பெனியாக நுணுகி ஆராய்வதால் இனி அந்த உழைப்புக்கேற்ற பலன் கிடைக்குமா என்பது சந்தேகம்தான் என்று பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜான் போகல், சாதாரண மக்களுக்கான முதல் இண்டெக்ஸ் ஃபண்டை அமெரிக்காவில் தொடங்கினார். 15 கோடி டாலர் எதிர்பார்த்த இடத்தில் 1.13 கோடிதான் சேர்ந்தது. சில வாரங்களில், செப்டம்பர் 21 அன்று, பிரான்ஸில் கிரஹாம் காலமானார்.

கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் வேலையை இ.டி.எஃப் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. என்ன விலை கொடுப்பது என்ற வேலை இன்னும் உங்களுடையதுதான். மாதாமாதம் எஸ்.ஐ.பி. போடுபவர் இதற்காக அதை நிறுத்த வேண்டாம். ஆனால் போனஸ் பணத்தை மொத்தமாக ஒரு நாட்டின் மேல் போடும் முன், இந்த நான்கு படிகளையும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. சித்தூரில் தோப்பு வாங்குபவர் அதைவிட அதிக நேரம் மரங்களைச் சுற்றிப் பார்ப்பார்.

(இந்தக் கட்டுரை தகவலுக்காக மட்டுமே. முதலீட்டு முடிவுக்கு முன் பதிவு பெற்ற ஆலோசகரைக் கலந்துகொள்ளவும்.)