கழற்றிப் பார்த்த கலங்கல்காரர்

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்துல முதல் நாளே ஒரு படம் போடுவாங்க. உள்ளீடு, வெளியீடு, அப்புறம் வெளியீட்டிலிருந்து வளைந்து திரும்பி வரும் ஒரு கோடு. அதுதான் பின்னூட்டம். செஞ்சதோட விளைவைப் பார்த்து அடுத்ததைத் திருத்திக்கிறது. 1948-ல் இந்தத் துறைக்குச் சைபர்நெட்டிக்ஸ் என்று பெயர் வைத்துப் புத்தகம் எழுதிய நார்பர்ட் வீனர், 1894-ல் அமெரிக்காவில் பிறந்தவர். 18 வயதில் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1893 மார்ச் 23-ல், நம்ம சூலூர் பக்கத்துக் கலங்கல் கிராமத்தில் பிறந்தார் ஜி.டி. நாயுடு. பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்.

வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்த பிறகு அவருக்கு ஊரில் இருப்புக் கொள்ளலை. கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வர் வேலை பார்த்து, காசு சேர்த்து அந்த வண்டியை வாங்கினார். வாங்கினதும் பாகம் பாகமாகக் கழற்றி, மறுபடி மாட்டினார். தப்பா மாட்டினா வண்டி கிளம்பாது. வண்டியே வாத்தியார்!

1920-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கொடுத்த கடனுதவியோடு ஒரே ஒரு பஸ், பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு. ஓட்டுநரும் அவரே. அதுதான் யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து உள்நாட்டிலேயே மின் மோட்டார் தயாரித்தார்.

1945-ல் அவர் முயற்சியில் உருவான ஆர்தர் ஹோப் கல்லூரிதான் இன்றைய ஜி.சி.டி. பொறியியலுக்கு நாலு வருஷம் எதுக்கு, ரெண்டே போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒத்துக்கலை. அவர் விலகிக்கொண்டார்.

அவர் நினைச்சது சரியா? முழுசா ஒத்துக்க முடியலைங்க. போர்க்காலத்தில் பறக்கும் விமானம் அடுத்து எங்கே இருக்கும் என்று கணிக்க வீனருக்குக் கனமான கணக்கு தேவைப்பட்டது. சூலூர் தளத்திலிருந்து நம்ம தலைக்கு மேல போற விமானத்தையும் ஸ்பேனரை மட்டும் வெச்சுக்கிட்டு வடிவமைக்க முடியாது.

ஆனா நம்ம நாலு வருஷத்துல அந்தத் திரும்பி வர்ற கோடு எங்கே இருக்கு? சீனியரோட ரீடிங்கைப் பார்த்து லேப் ரெக்கார்டு எழுதறப்போ, அந்தக் கோட்டை நாமளே வெட்டி விடறோம்.

1974 ஜனவரி 4-ல் நாயுடு மறைந்தார். அவிநாசி ரோட்டில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கு. ஒரு நாள் போய்ப் பாருங்க. வந்ததும் வீட்டில் ஓடாமக் கிடக்கிற மிக்ஸியைக் கழற்றுங்க. பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான்!