பிறந்த நாட்டை மறைத்து வாழ்ந்த குஸ்தி வீரர் ரிக்கிடோசான்

1963-ம் ஆண்டு டிசம்பர் 8-ந்தேதி இரவு. ஜப்பான் தலைநகர் டோக்கியோவில், அகசாகா பகுதியில் இருந்த ஒரு இரவு விடுதி. கழிவறை பக்கம் இரண்டு பேருக்குள் தகராறு. காலை மிதித்ததாக ஆரம்பித்த பேச்சு கைகலப்பு ஆனது. அடி வாங்கிய ரவுடி கத்தியை உருவினான். வயிற்றில் ஒரே குத்து!

குத்துப்பட்டவர் லேசுப்பட்ட ஆள் அல்ல. ஜப்பான் நாடே தலையில் தூக்கி வைத்து ஆடிய குஸ்தி வீரர் ரிக்கிடோசான்.

கொண்டையை வெட்டினார்

முதலில் இவர் சுமோ பயில்வான். 1940-ல் களத்தில் இறங்கி, மேலிருந்து மூன்றாவது பட்டம் வரை வந்தார். 1950-ல் என்ன கோபமோ, சுமோ வீரர்களுக்கு உயிரான கொண்டையைத் தன் கையாலேயே வெட்டிவிட்டு வெளியேறினார்.

அடுத்த ஆண்டே அமெரிக்க பாணி குஸ்தியில் புகுந்தார். ஹவாய் தீவுக்குப் போய்ப் பயிற்சி பெற்றார்.

1954 பிப்ரவரி 19-ந்தேதிதான் அவர் தலையெழுத்தை மாற்றிய நாள். அமெரிக்காவில் இருந்து வந்த ஷார்ப் சகோதரர்களுடன் மோதல். இருவரும் ஆறடியைத் தாண்டிய முரட்டு ஆட்கள். ரிக்கிடோசானுடன் ஜூடோ வீரர் கிமுரா ஜோடி சேர்ந்தார்.

அப்போது ஜப்பானில் டெலிவிஷன் வந்து ஒரு வருடம்தான். சாமானியன் வாங்க முடியாத விலை. டெலிவிஷன் கம்பெனியே தெரு முனைகளில் பெட்டிகளை வைத்தது. ஷிம்பாஷி ரெயில் நிலையம் முன்பு கூட்டம் அலைமோதியது. ஆபீஸ் முடிந்து வந்தவர்கள் வீட்டை மறந்து நின்றார்கள்.

உள்ளங்கை ஓரத்தால் ரிக்கிடோசான் நெஞ்சில் வெட்டுவார். கராத்தே வெட்டு என்று அதற்குப் பெயர். வெள்ளைக்காரன் சாய்வான். போரில் தோற்று, அமெரிக்க ராணுவத்தின் பிடியில் 1952 வரை இருந்த ஜனங்கள் ஆயிற்றே! கைதட்டலுக்குக் கேட்கவா வேண்டும்? இந்த வகை குஸ்தியில் முடிவை முன்கூட்டியே பேசி வைப்பது வழக்கம். அதைப் பற்றி அன்று யார் கவலைப்பட்டார்கள்?

கிங்காங்கும் தோற்றார்

1955-ல் ஆசிய பட்டத்துக்கான போட்டியில் கிங்காங்கைத் தோற்கடித்தார். நம் ஊர் ரசிகர்களுக்கும் தெரிந்த, தாராசிங்குடன் மோதிய அதே கிங்காங்தான். 1957-ல் உலக சாம்பியன் லூ தெஸுடன் ஒரு மணி நேரம் மோதி டிரா செய்தார். 1963 மே மாதம் முகமூடி வீரர் டெஸ்ட்ராயருடன் மோதியபோது, டி.வி. இருந்த 100 வீடுகளில் 64 வீடுகள் அதைப் பார்த்தன.

யார் இவர்?

இப்படி ஜப்பானின் மானம் காத்த வீரர் ஜப்பான்காரரே அல்ல! கொரியாவில், இன்றைய வட கொரியப் பகுதியில் பிறந்தவர். நிஜப்பெயர் கிம் சின் ராக். கொரியாக்காரர்களை ஜப்பானில் இளக்காரமாக நடத்திய காலம் அது. விஷயம் தெரிந்தால் பெயரும் போகும், பிழைப்பும் போகும். ஆகவே நாகசாகி பக்கம் பிறந்ததாகப் பதிவு செய்யப்பட்டது. 1963 ஜனவரியில் தென் கொரியாவுக்குப் போய்வந்தார். ஜப்பான் பத்திரிகைகளில் பெரும்பாலானவை மூச்சு விடவில்லை.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்கர்கள் என்று ஜனங்கள் ஆத்திரப்பட்ட ஷார்ப் சகோதரர்கள் உண்மையில் கனடாக்காரர்கள்!

கத்திக்குத்துக்குப் பிறகு ஆபரேஷன் நடந்தது. பிழைத்துவிடுவார் என்றே நினைத்தார்கள். திடீரென நிலைமை மோசமானது. 15-ந்தேதி மறுபடியும் ஆபரேஷன். அன்று இரவே உயிர் பிரிந்தது. வயது 39. கல்யாணம் ஆகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

குத்தியவனுக்கு 7 ஆண்டு ஜெயில். ரிக்கிடோசான் தயார் செய்த சீடர்கள் ஜயண்ட் பாபாவும் அன்டோனியோ இனோக்கியும் பின்னாளில் ஆளுக்கு ஒரு குஸ்தி கம்பெனி தொடங்கினார்கள். குருநாதர் பிறந்த ஊர் எது என்பது ஜப்பான் ஜனங்களுக்குப் பரவலாகத் தெரியவர, அவர் இறந்து இன்னும் பல ஆண்டுகள் ஆயின.