உத்திரத்தை முதலில் எடுத்தவர்

கல்லூரியின் காலை வணக்கத்தில் நாம் விரும்பிப் பாடிய பாட்டுக்களுள் ‘அமேசிங் கிரேஸ்’ ஒன்று. அதை இயற்றிய ஜோன் நியூற்றன், புயலில் மனந்திரும்பி அடிமை வியாபாரத்தை உடனே கைவிட்டவர் என்றே அன்று எண்ணியிருந்தோம். உண்மை அவ்வளவு எளிதன்று.

1725இல் இலண்டனில் பிறந்த நியூற்றன், ஏழு வயது நிறையுமுன் தாயை இழந்தார். பதினொரு வயதில் தந்தையுடன் கடலோடத் தொடங்கினார். மேற்கு ஆபிரிக்கக் கரையில் ஓர் அடிமை வியாபாரியிடம் பசியும் நோயுமாகத் தாமே அடிமை போலக் கிடந்தார். 1748 மார்ச்சில், ஊர் திரும்பிய கப்பல் புயலில் சிக்கி நீர் புகுந்தபோது தேவனை நோக்கிக் கூப்பிட்டார்.

ஆயினும் அதன் பின்னரே அவர் அடிமைக் கப்பலின் தலைவரானார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்கள் சென்றார். ஞாயிறுதோறும் மாலுமிகளுக்கு ஆராதனை நடத்தினார். அதே கப்பலின் கீழ்த்தட்டில் மனிதர் விலங்குடன் கிடந்தனர். கலகத்துக்கு உதவியதாகச் சந்தேகித்த சிறுவர்களின் பெருவிரல்களை நசுக்கி விசாரித்ததைத் தம் நாட்குறிப்பிலேயே எழுதிவைத்தார். அவர் கடலை விட்டது நோயினால். மனச்சாட்சி உறுத்தியதால் அன்று.

1764இல் ஓல்னி என்னும் ஊரில் குருவானவரானார். நல்ல பிரசங்கங்கள் செய்தார்; பாட்டுக்கள் எழுதினார். ஆனால் அந்த வியாபாரத்துக்கு எதிராக அவர் வெளிப்படையாக எழுதியது 1788இலேயே. கடலை விட்டு 34 ஆண்டுகள் கடந்திருந்தன. அச்சிறு நூலில் அவர் பிற வியாபாரிகளைச் சாடித் தொடங்கவில்லை. தாம் செய்ததைச் சொல்லி, அறிக்கை காலந்தாழ்ந்து வருகிறதென்றும் ஒப்புக்கொண்டார். பாராளுமன்ற விசாரணையிலும் சாட்சியளித்தார். கண்டவர் மட்டுமல்ல, செய்தவரே பேசியதால் அச்சாட்சியைத் தட்டிக்கழிப்பது கடினமாயிற்று. அவரிடம் ஆலோசனை பெற்ற வில்பர்போர்சின் நீண்ட போராட்டத்தின் பயனாக 1807 மார்ச்சில் அவ்வியாபாரம் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில், 82ஆம் வயதில், நியூற்றன் காலமானார்.

பிறர் கண்ணின் துரும்பைக் காணுமுன் நம் கண்ணின் உத்திரத்தை எடுக்கும்படி வேதபாட வகுப்பில் கற்றோம். இன்று ஒன்றுகூடும்போதோ இக்காலப் பிள்ளைகளின் உடையையும் பேச்சையும் எளிதில் குறைகூறுகிறோம். ஒரே வாங்கில் எம்மருகே அமரத் தயங்கிய தோழியரை, சாதியும் ஏழ்மையும் பார்த்து நாம் ஒதுக்கியதை மட்டும் பேசுவதில்லை. நூற்றாண்டு விழாவில் நன்றிப் பாட்டுடன் அந்த அறிக்கையையும் செய்வோம். காலந்தாழ்ந்த அறிக்கையும் பயன்படும் என்பதற்கு நியூற்றனே சாட்சி.