வாத நெறி காட்டிய பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார்

திண்டிவனம், வந்தவாசி, ஆரணி வட்டத்துச் சிற்றூர்களினின்றும் சென்னையின் தென்புறத்தே வந்து குடியேறிய நம் குடும்பத்தினர் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு. சமணர் என்று கூறியவுடன், வடநாட்டிலிருந்து எப்போது வந்தீர்கள் என்பர். பீர்க்கன்கரணையில் என்னையும் பலர் அவ்வாறு வினவியுள்ளனர். இதற்குச் சினவாது சான்று காட்டி விடையிறுக்கும் வழியை நமக்கு வகுத்தளித்தவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் ஆவார்.

1880ஆம் ஆண்டில் தமிழ்ச் சமணர் குடியில் தோன்றிய அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கினார். பின்னர்க் கும்பகோணம் அரசினர் கல்லூரியின் முதல்வரானார். முன்னாளில் டாக்டர் உ.வே. சாமிநாதையர் தமிழ் பயிற்றிய கல்லூரி அது. அவ்வூர்ச் சமணரிடம் ஐயம் கேட்டுத் தெளிந்தே ஐயரவர்கள் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார்.

மேலைத் தத்துவமும் ஆகம அறிவும் நயினாரிடம் ஒருங்கே அமைந்திருந்தன. குந்தகுந்தாசாரியரின் பஞ்சாஸ்திகாயசாரத்தை 1920இலும், சமயசாரத்தை 1950இலும் ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். இடையே 1923இல் வாமன முனிவரின் மேருமந்தர புராணத்தைப் பதிப்பித்தார்.

அவர்தம் பணிகளுள் தலையாயது, அவ்வாமன முனிவரின் சமயதிவாகர உரையோடு 1936இல் வெளிவந்த நீலகேசிப் பதிப்பு. உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திரரை அச்சுறுத்த வந்த நீலி, அவரிடமே அறம் கேட்டு மனம் மாறுகிறாள். பின்னர்ப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் ஆகியோரை நாடிச் சென்று வாதிடுகிறாள். உயிர் உண்டா, அது நிலையானதா, வினையின் பயனைத் துய்ப்பவர் யார் என்பன அங்கே எழும் வினாக்கள். இன்றும் அறிஞர் ஆராயும் வினாக்களே அவை.

இந்நூலால் விளைந்த பிறிதொரு நன்மையையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பௌத்த காப்பியமாகிய குண்டலகேசி முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. அதனை மறுக்க எழுந்த நீலகேசியின் உரையே அதன் பாடல்கள் பலவற்றைப் பற்றிய செய்தியைக் காத்து வைத்துள்ளது. எதிரியின் கூற்றைச் சிதைக்காமல் எடுத்துரைத்துப் பின் மறுப்பதே முறையான வாதம். அம்முறையைப் பேணியதால் மறுக்கப்பட்ட நூலும் ஓரளவு பிழைத்தது.

திருக்குறள் சமண நூல் என்பதும், ஏலாசாரியராகிய குந்தகுந்தரே அதன் ஆசிரியர் என்பதும் நயினாரின் துணிபு. கவிராச பண்டிதர் உரையுடன் 1949இல் அவர் குறளைப் பதிப்பித்தார். தமிழறிஞர் பலர் இக்கருத்தை ஏற்றிலர். வாமன முனிவர் குறளைத் தம் சமய நூலாகவே கருதியமை போன்ற சான்றுகளை அவர் அடுக்கிக் காட்டினார். ஆய்வு இன்னும் முடிந்தபாடில்லை.

1960இல் அவர் மறைந்தார். பள்ளிப் பேச்சுப் போட்டிகளுக்கு மாணவியரைப் பயிற்றிய நாள்களில், எதிரணியின் கருத்தை முதலில் அவர்களே ஒப்புமாறு சொல்லிக் காட்டுங்கள் என்பேன். பல நோக்கில் பொருளைக் காணும் அநேகாந்தமும் நமக்கு அதனையே கற்பிக்கின்றது. சாத்திர தானம் செய்யும் நம் இல்லங்கள், திருமண நாள்களில் நயினாரின் நூலொன்றை இளையோர் கையில் அளிப்பார்களாக. வடநாட்டினரா என்று வினவுவோர்க்கு அப்பிள்ளைகள் இன்முகத்தோடு விடை பகர்வர்.