தொழிலாளர் வீட்டுக் கதவைத் தட்டிய மருத்துவர்

பல்கலைக்கழகத்தில் முதன்முறை வேதியியல் ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும் முன் பாதுகாப்புப் படிவம் ஒன்றைத் தந்தார்கள். படிக்காமலேயே கையெழுத்திட்டேன். போத்தல்களில் சிவப்புக் கட்டத்துக்குள் இருந்த எச்சரிக்கைக் குறியீடுகள் எனக்கு வெறும் படங்களாகத்தான் தெரிந்தன. பிறகு ஓர் ஒப்படைப்புக்காக டாக்டர் ஆலிஸ் ஹேமில்டனின் வாழ்க்கையைப் படித்தேன். என் அலட்சியம் அப்போதுதான் புரிந்தது.

ஹேமில்டன் 1869ல் நியூயார்க்கில் பிறந்து, இண்டியானா மாநிலத்தில் வளர்ந்தவர். 1893ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1897ல் சிகாகோவுக்குச் சென்றவர், ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் சமூக இல்லத்தில் தங்கினார். சுற்றிலும் போலந்து, இத்தாலி போன்ற நாடுகளிலிருந்து குடியேறிய ஏழைத் தொழிலாளர்கள். வேலைக்குப் போன ஆண்கள் வயிற்றுவலியோடும், மணிக்கட்டு செயலிழந்து தொங்கிய கைகளோடும் வீடு திரும்பினார்கள். அது ஈய நச்சு.

1910ல் இலினோய் மாநிலம் தொழில்சார்ந்த நோய்களை ஆராயும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. தொழிலாளர்கள் கை கழுவாமல் சாப்பிடுவதே நோய்க்குக் காரணம் என்று முதலாளிகள் பலர் சொல்லிவந்தனர். தூசியையும் புகையையும் சுவாசிப்பதுதான் முக்கியக் காரணம் என்று ஹேமில்டன் காட்டினார்.

அவர் கையாண்ட வழி எளிமையானது. ஈய நச்சால் மோசமாகப் பாதிக்கப்பட்ட போலந்துக்காரர் ஒருவர், குளியல் தொட்டிகளுக்கு எனாமல் பூசுபவர். அவர் வேலை செய்த ஆலைக்கு ஹேமில்டன் சென்றார். ஆபத்தாக எதுவும் கண்ணில் படவில்லை. அதோடு விட்டுவிடாமல் ஒரு தொழிலாளரின் வீட்டுக்கே போய் விசாரித்தார். அவர் பார்த்தது இறுதி வேலைகள் நடக்கும் இடம் மட்டுமே என்பது அங்கேதான் தெரிந்தது. உண்மையான எனாமல் வேலை வேறிடத்தில் நடந்தது. பழுக்கக் காய்ச்சிய தொட்டியின்மேல் தொழிலாளர்கள் எனாமல் தூளைத் தூவ, அந்தத் தூசி அவர்களின் நுரையீரலுக்குள் போனது. தூளைச் சோதித்தபோது அதில் ஈயம் இருந்தது உறுதியானது.

ஆலை நிர்வாகம் காட்டாததைத் தொழிலாளர் சொன்னார். ஆனால், தாம் சுவாசிப்பது என்ன என்பதை அந்தத் தொழிலாளருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதே ஹேமில்டனின் வாழ்நாள் பணியானது.

1911ல் இலினோய் சட்டம் இயற்றியது. ஆபத்தான தொழில்களில் இருப்பவர்களுக்கு மாதந்தோறும் மருத்துவப் பரிசோதனை கட்டாயமானது. 1919ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் ஹேமில்டனைத் துணைப் பேராசிரியராக நியமித்தது. அங்கு நியமிக்கப்பட்ட முதல் பெண் ஆசிரியர் அவரே. ஆனால் பட்டமளிப்பு ஊர்வலத்தில் அவர் நடந்துவரக்கூடாது என்பது ஒரு நிபந்தனை. 1935ல் ஓய்வு பெறும்வரை அவருக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

எல்லாவற்றிலும் அவர் வென்றுவிடவில்லை. பெட்ரோலில் ஈயம் கலப்பது ஆபத்து என்று 1925லேயே எச்சரித்தார். உலகம் அதைக் கேட்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 1970 செப்டம்பரில், 101 வயதில் அவர் மறைந்தார். மூன்றே மாதங்களில் அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கையெழுத்தானது. ஊழியர்கள் கையாளும் இரசாயனங்களின் ஆபத்தை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 1983ல் வந்தது.

அண்மையில் எங்கள் புளோக்கில் சாயம் பூச வந்திருந்த தமிழ்நாட்டு அண்ணன் ஒருவர், டின்னில் இருந்த ஆச்சரியக்குறிப் படத்தைக் காட்டி, இது எதற்குத் தம்பி என்று கேட்டார். அதன் பொருள் எனக்குத் தெரியும், ஆங்கிலத்தில். தமிழில் சொல்லத் தடுமாறினேன். தோல் எரியும், கண்ணில் படக்கூடாது, சன்னலைத் திறந்து வையுங்கள் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

அடுத்த தவணையில் அதே பாதுகாப்புப் படிவம் வந்தது. இம்முறை முழுவதும் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன்.