பைபிளை மொழிபெயர்த்த முருக பக்தர்: ஆறுமுக நாவலர்



நண்பர்களே, நம்ம குரூப்ல மாசத்துக்கு ஒரு தடவையாவது ஒரு ஃபார்வேர்டு வருது. பைபிள்ல இப்படி இருக்கு, அப்படி இருக்குன்னு நாலு வரி, கீழே சிரிக்கிற எமோஜி. அனுப்பினவர் பைபிளைத் திறந்தாவது பார்த்திருப்பாரான்னு எனக்கு சந்தேகம். இதே மாதிரி நம்ம கந்தபுராணத்தைப் பற்றி அந்தப் பக்கமும் ஒரு ஃபார்வேர்டு சுற்றும். அதை எழுதினவரும் கந்தபுராணத்தைப் படிச்சிருக்க மாட்டார்.

இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல, இரண்டு பக்க நூல்களையும் உண்மையிலேயே படிச்ச ஒருத்தர் இருந்தார். அவர் கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன்.

யாழ்ப்பாணம் நல்லூர். நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கந்தசுவாமி கோயில் இருக்கிற ஊர். அங்கே 1822 டிசம்பர் 18 அன்று கந்தர், சிவகாமி தம்பதிக்கு ஒரு மகன் பிறந்தார். ஆறுமுகம்னு பேர் வெச்சாங்க. சேனாதிராய முதலியார், சரவணமுத்துப் புலவர் ஆகியோரிடம் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் கற்றார்.

அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. பிரிட்டிஷ் ஆட்சி. அமெரிக்க மிஷன் 1823லேயே வட்டுக்கோட்டையில் உயர்கல்வி நிலையம் தொடங்கிவிட்டது. 1841ல் உதயதாரகை பத்திரிகையும் வந்தது. பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், ஆஸ்பத்திரி, எல்லாம் மிஷனரிகள் கையில். ஆங்கிலம் படிக்கணும், அரசாங்க வேலை கிடைக்கணும்னா பெரும்பாலும் அந்த வாசல் வழியாத்தான் போகணும்.

ஆறுமுகமும் அந்த வாசல் வழியாத்தான் போனார். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் படித்தார். இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிதான் அது. இருபது வயதை ஒட்டி அங்கேயே ஆசிரியரும் ஆனார். தலைவர் பேர்சிவல் பாதிரியார். தமிழில் நல்ல பைபிள் மொழிபெயர்ப்பு வேண்டும் என்ற எண்ணத்தில் இருந்த பாதிரியார், அதற்குத் துணையாகத் தேர்ந்தெடுத்தது நெற்றியில் திருநீறு பூசிய இந்த இளைஞரை.

வருஷக்கணக்கில் அந்த வேலை நடந்தது. ஒவ்வொரு அதிகாரமாக, ஒவ்வொரு வசனமாக. மொழிபெயர்ப்பு வேலை செஞ்சவங்களுக்குத் தெரியும், ஒரு நூலை அதைவிட ஆழமாகப் படிக்க வேற வழியே கிடையாது. மேலோட்டமாப் படிச்சுட்டுத் தாண்டிப்போக முடியாது, ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் சொல்லியாகணும். பேர்சிவலுடன் சென்னைக்கும் போனார். அங்கே மகாலிங்கையர் என்ற தமிழறிஞர் மொழிபெயர்ப்பைப் பார்வையிட்டார். 1850ல் அது அச்சில் வந்தது.

பைபிளை இவ்வளவு நெருக்கமாகப் படிச்ச பிறகும் ஆறுமுகம் மதம் மாறவில்லை. மாறினால் அவருக்கு என்ன கிடைச்சிருக்கும்னு யோசிங்க. பதவி, சம்பளம், ஆட்சியாளர்களிடம் மதிப்பு. அவர் போனது எதிர்த்திசையில். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கினார். அடுத்த வருஷம் அதே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷன் வேலையை விட்டார். கையில் பெரிய சொத்து ஒன்றும் இல்லை. கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை, கடைசி வரை.

1849ல் அச்சு இயந்திரம் வாங்கத் தமிழகம் வந்தபோது, திருவாவடுதுறை ஆதீனத்தில் அவர் பிரசங்கத்தைக் கேட்டு நாவலர் என்ற பட்டம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஆறுமுக நாவலர்.

சரி, இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். மிஷனரிகள் கிறிஸ்தவமே உண்மை, சைவம் பொய் என்று சொல்ல வைத்த வாதங்கள் என்ன? நாவலர் அவற்றை எப்படி எடைபோட்டார்?

முதல் வாதம், சைவர்களின் கோயில், விளக்கு, தூபம், அபிஷேகம், தீட்டு எல்லாம் அறியாமை என்பது. இதற்குப் பதிலாக 1854ல் நாவலர் வெளியிட்ட நூல்தான் சைவதூஷண பரிகாரம். அதில் அவர் சுலபமான ஒரு வேலையைச் செய்தார். அவர்கள் கையில் இருந்த நூலையே திறந்து காட்டினார். யாத்திராகமத்தில் பொன் தகடு போட்ட பெட்டி உண்டு, ஏழு கிளை விளக்கு உண்டு, தூப பீடம் உண்டு, படையல் அப்பம் உண்டு, அபிஷேகத் தைலமும் உண்டு. லேவியராகமத்தில் பலிகளும், பிரசவத் தீட்டு எத்தனை நாள் என்ற கணக்கும் உண்டு. ஆதியாகமத்தில் யாக்கோபு ஒரு கல்லை நட்டு அதன்மேல் எண்ணெய் வார்க்கிறார். இதெல்லாம் அங்கே கடவுளுக்குப் பிரியமான வழிபாடு என்றால், இங்கே மட்டும் எப்படி அறியாமை ஆகும்?

கிறிஸ்தவர்களிடம் இதற்கு ஒரு பதில் உண்டு, அதையும் நேர்மையாச் சொல்லிடணும். அந்தச் சடங்குகள் வரப்போகும் இயேசுவுக்கு முன்னடையாளம், அவர் வந்தபின் அவை முடிந்துவிட்டன என்பார்கள். அது அவர்கள் நம்பிக்கை. ஆனா அந்தப் பதிலை ஏத்துக்கிட்டாலும் ஒரு விஷயம் மிச்சம் நிக்குது. ஒரு காலத்தில் கடவுளே விளக்கும் தூபமும் கேட்டார் என்றால், விளக்கும் தூபமும் தம்மளவில் மூடத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. முதல் வாதம் அங்கேயே விழுந்துடுது.

இரண்டாவது வாதம், புராணக் கதைகள் ஆபாசம், நம்ப முடியாதவை என்பது. வள்ளி கல்யாணத்தையும் இவர்கள் விட்டுவைக்கவில்லை. இங்கேயும் அதே அளவுகோல்தான். பைபிளில் கழுதை பேசுகிறது, கடல் பிளக்கிறது, லோத்து, தாவீது ஆகியோர் வாழ்க்கையில் சொல்லக் கூசுகிற சம்பவங்களும் இருக்கு. அங்கே உட்பொருள் பார்த்துப் படிக்கணும்னா இங்கேயும் அப்படித்தான் படிக்கணும். இங்கே எழுத்துக்கு எழுத்து படிப்பேன்னா அங்கேயும் அப்படியே படிக்கட்டும்.

நான் சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவன், என் பாஷையில சொல்றேன். ஒரே டெஸ்ட் கேஸை ரெண்டு கோடுலயும் ஓட்டணும். உன் கோடுக்கு ஒரு டெஸ்ட், என் கோடுக்கு வேற டெஸ்ட்டுன்னா அந்த ரிசல்ட்டுக்கு மதிப்பே கிடையாது. நாவலர் கேட்டது இதைத்தான்.

மூன்றாவது வாதம் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. இவ்வளவு பள்ளிகள், இவ்வளவு அச்சுநூல்கள், இவ்வளவு பெரிய ஆட்சி, இது உண்மை மதமா இருக்கப்போய்த்தானே என்ற எண்ணம். இதற்கு நாவலர் செயலில் பதில் சொன்னார். பள்ளிக்கூடம் கட்டினார். அச்சுக்கூடம் வைத்தார். பிள்ளைகளுக்குப் பாலபாடம் எழுதினார். 1852ல் பெரியபுராணத்தை எளிய வசனநடையில் வெளியிட்டார். 1864ல் சிதம்பரத்திலும் பள்ளி தொடங்கினார். மேடைப் பிரசங்கம், உரைநடை, பாடநூல், இவற்றின் பயனை மிஷனரிகளிடம் கண்டு கொள்ளவும் அவர் தயங்கவில்லை. அச்சு இயந்திரத்துக்கு மதம் கிடையாதுன்னு காட்டிட்டார்.

ஆனா ஒண்ணு கவனிங்க. நாவலரின் இந்த வாதத்தால் சைவம் உண்மைன்னு நிரூபணம் ஆயிடுச்சா? இல்லை. உன் நூலிலும் இருக்கே என்ற பதில், எதிராளியின் குற்றச்சாட்டைத்தான் தள்ளும். முருகன் இருக்கிறார்னு அது நிரூபிக்காது. இதை மறந்துட்டுத்தான் நாம ஃபார்வேர்டு அனுப்பிட்டு ஜெயிச்ச மாதிரி குதிக்கிறோம். அடுத்தவன் நம்பிக்கையில ஓட்டை காட்டினா நம்ம பக்தி ஒரு அங்குலம்கூட வளராது.

நாவலர் அந்த அளவுகோலைத் தன் வீட்டுப் பக்கமும் திருப்பினார். இதுதான் எனக்கு அவர்மேல் மரியாதை வரவெச்ச இடம். தன் சொந்த ஊர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆகமப்படி பூஜை நடக்கவில்லை என்று 1875ல் பகிரங்கமாக எழுதினார். மூலஸ்தானத்தில் திருவுருவத்துக்குப் பதிலாக வேல் இருப்பதையும் கேள்வி கேட்டார். பிறந்த ஊர், இஷ்ட தெய்வம், சுற்றிலும் சொந்தக்காரர்கள். அப்படியும் பேசினார். கோயில்காரர்கள் பகையானார்கள். அந்த விஷயத்தில் அவர் சொன்னது நடக்கவில்லை. இன்றைக்கும் நல்லூரில் வேலைத்தான் கும்பிடுகிறோம், கண்ணீரோட கும்பிடுகிறோம்.

அவர் அளவுகோலும் எல்லா இடத்திலும் நேராக இருந்தது என்று சொல்ல முடியாது. சாதி வேறுபாட்டை அவர் ஆதரித்தார். வள்ளலாருடன் நடந்த அருட்பா மருட்பா சண்டை 1869ல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. பக்தர்களான நாம இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. அவரிடம் கத்துக்கிட்ட ஒரே அளவுகோலை அவருக்கும் வெச்சுப் பார்க்கிறதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

1870களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் பஞ்சம் வந்தபோது வண்ணார்பண்ணையில் கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவர்களுக்கு ஊற்ற ஏற்பாடு செய்தார். 1879 டிசம்பர் 5 அன்று, 56 வயதில் சிவபதம் அடைந்தார்.

அதனால நண்பர்களே, ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த தடவை கேலி ஃபார்வேர்டு வந்தா, அனுப்புறதுக்கு முன்னாடி அந்தப் பகுதியை மூல நூல்ல படிங்க. அப்புறம் கந்தபுராணத்துல ஒரு படலமும் படிங்க. ரெண்டும் படிச்ச பிறகும் அனுப்பணும்னு தோணினா அனுப்புங்க. எனக்கென்னமோ, அதுக்குள்ள அந்த ஆசையே போயிடும்.

வேலும் மயிலும் துணை. படிச்சவங்க நம்ம முருக பக்தர்கள் நாலு பேருக்குப் பகிருங்க. அரோகரா!